பூண்டுக்குப் புகை போட்ட பள்ளிக்கூடம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கட்டியது யார் என்று கேட்டால், யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். டீக்கடைக்காரர் வீட்டில் அது வேட்டைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரத் தொரை தங்குவதற்குக் கட்டிய பங்களா. மேலத்தெருவில் அது குதிரை லாயம். எங்கள் அப்பாவைக் கேட்டால், அது பாதியில் நின்றுபோன சர்ச். சிலுவை வைப்பதற்குள் தொரைக்கு ஊரிலிருந்து தந்தி வந்துவிட்டது. தந்தியில் என்ன எழுதியிருந்தது என்பதுவரை அப்பாவுக்குத் தெரியும். ஒரு வீட்டுப் பதிலை இன்னொரு வீடு ஏற்றுக்கொள்ளாது. கல்யாணமாகிப் போகும் பெண்கள் மட்டும் ஆறு மாதத்தில் புகுந்த வீட்டுப் பதிலுக்கு மாறிக்கொள்வார்கள்.

கட்டடத்தைப் பார்த்தால் எல்லாரும் சொல்வது சரி என்றுதான் தோன்றும். கொடைக்கானலில் இருந்து மன்னவனூர்ப் பக்கம் வருகிற பஸ் கடைசி வளைவில் திரும்பியதும், ஊருக்கு முன்னால் கண்ணில் படுவது அதுதான். கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். “கல்லுப் பள்ளிக்கூடம் எறங்கு” என்பார்கள். சுவர் முழுக்கக் கருங்கல். ஒரு முழத்துக்கு மேல் தடிமன் என்பதால் ஜன்னல் திட்டில் இரண்டு பேர் கால் நீட்டி உட்காரலாம். ஜன்னல்கள் மேலே போகப் போகக் குறுகி, கும்பிட்ட கையைப் போல் கூர்மையாக முடியும். கூரை அவ்வளவு செங்குத்து; மழை விழுந்த வேகத்திலேயே ஓடி இறங்கிவிடும். தரை மரப்பலகை. யார் நடந்தாலும் முழங்கும். தாமதமாக வருகிறவன் பூனைபோல் நுழைந்தாலும் யானைபோல் கேட்கும். முகட்டில் ஒரு மணிக்கூண்டு உண்டு, மணி கிடையாது. மணி எங்கே போனது என்பதற்கும் தனியாக மூன்று பதில்கள் இருந்தன. நாங்கள் தண்டவாளத் துண்டைத்தான் தட்டினோம்.

எட்டாம் வகுப்புவரை இருந்த பள்ளியில் ஐந்தாம் வகுப்பு நடந்தது பெரிய ஹாலில். அதன் கிழக்குச் சுவரில் ஒரு கன்றுக்குட்டி நிற்கிற அளவுக்குக் குளிர்காயும் அடுப்பு ஒன்று இருந்தது. ஊரில் அதற்குத் ‘தொரை அடுப்பு’ என்று பெயர். அதிலிருந்து கல்லால் கட்டிய புகைபோக்கி சுவரோடு மேலே ஏறி, ஹாலின் பலகைக் கூரைக்கு மேல் இருந்த இருட்டுப் பரணைக் கடந்து, ஓட்டுக்கூரையைப் பிளந்துகொண்டு வெளியே போகும்.

எங்கள் வீட்டில் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்த ஒரே ஆள் நான்தான். பூண்டு விஷயமாகப் போய்வந்த மாமாவைக் கணக்கில் சேர்க்காவிட்டால்.

எழுத்து தெரிந்த நாளிலிருந்து நான் எதையும் விடாமல் வாசித்துக்கொண்டிருந்தேன். உரச்சாக்கு, இருமல் மருந்துப் புட்டி, ரேஷன் அட்டையின் பின்பக்கம், பஸ்ஸில் கையை வெளியே நீட்டாதே என்று எழுதியிருப்பது. வீட்டில் எல்லாரும் இதைப் பெருமையாகவும் கொஞ்சம் பயத்தோடும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். “குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்” என்று ஒருநாள் நான் வாசித்ததைக் கேட்டு அம்மா பூச்சிமருந்து டப்பாவை என் கையிலிருந்தே பிடுங்கிப் பரணில் போட்டார். மாமாதான் அதிகம் கேட்பார். அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். “இன்னொருக்கா வாசி மாப்ள” என்பார். சத்து எத்தனை விழுக்காடு என்ற வரியை எல்லாம் இன்னொரு தடவை கேட்டு ஒருவருக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

இனிமேல் பூண்டு. எங்கள் மலையில் விளையும் பூண்டைப் பிடுங்கியதும் தாளோடு சேர்த்துக் கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை போட வேண்டும். புகை குடித்த பூண்டுதான் விதைக்கும் ஆகும், விலைக்கும் ஆகும். புகை காணாத பூண்டு ஈரக்காற்றில் முளைத்துவிடும். எங்களுக்கு அந்த வருடம் அரசாங்கத் தொகுப்பு வீடு கிடைத்திருந்தது. தலைக்கு மேலே தட்டையான கான்கிரீட், கீழே கேஸ் அடுப்பு. அம்மாவுக்கு நல்ல காலம். பூண்டுக்குக் கெட்ட காலம். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்த மாமாவுக்கு ஊரில் யாருடைய கூரையும் பள்ளிக்கூடத்துக் கூரைக்கு ஈடாகத் தோன்றவில்லை.

தலைமை ஆசிரியையான பெரிய டீச்சரோடு அவர் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. விறகு மாமாவுடையது. தீ பிள்ளைகளுக்கு. புகை பூண்டுக்கு. டீச்சர் தினமும் கொடைக்கானலில் இருந்து இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிறவர். யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். மாமா பரணில் ஏறி, கூரையைத் தாங்கும் கைமரம் நெடுக இரும்புக் கொக்கி அடித்தார். புகைபோக்கியில் இரண்டு கல்லைப் பெயர்த்து வழி உண்டாக்கினார். புகை அந்த வழியைத் தாண்டி மேலே ஓடிவிடாமல் இருக்க, எண்ணெய் டின்னைத் தட்டிச் சப்பையாக்கிய ஒரு தகட்டை அதற்குச் சற்று மேலே குறுக்கே செருகினார். புகை பரணுக்குள் நிறைந்து, பூண்டையெல்லாம் விசாரித்துவிட்டு, முகட்டுப் பலகை இடுக்குகள் வழியே சாவகாசமாக வெளியேறியது. இதையெல்லாம் டார்ச் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன். பின்னால் வரும் விவகாரத்துக்கு இது முக்கியம்.

அதற்குப் பிறகு மாமா தினமும் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வெள்ளனே வந்து தீ மூட்டுவார். வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் குந்தியிருப்பார். ஈர விறகு, காய்ந்த விறகு, ஈர விறகு என்று மாற்றி மாற்றி வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். டீச்சர் என்னைக் கேள்வி கேட்டு நான் முழித்தால் மட்டும் அவருடைய காது லேசாக அசைவதுபோல் இருக்கும். எனக்கு அவமானம் தாங்கவில்லை. மற்ற பையன்களின் மாமாக்கள் எல்லாம் கேரட் வயலில் இருந்தார்கள்.

மற்ற வீடுகளில் பூண்டுக்கு மூன்று வாரப் புகை போதும். மாமாவின் பூண்டு ஐப்பசியில் மேலே ஏறியது, கார்த்திகையில் இறங்கவில்லை, மார்கழியிலும் இறங்கவில்லை. டீக்கடையில் கேலி செய்தார்கள்.

“என்னப்பா, ஓம் பூண்டு இன்னும் பாஸாகலையா? அஞ்சாப்புல எத்தன வருசந்தான் ஒக்கார வைப்ப?”

“இந்த வருசம் குளிரு சாஸ்தி அண்ணே. புகை ஏற மாட்டேங்குது” என்பார் மாமா.

பொங்கல் முடிந்த வாரத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. கட்டடம் பழசாகிவிட்டது, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லை என்று யாரோ மேலே எழுதிவிட்டார்களாம். என்ஜினியர் வந்து பார்ப்பாராம். சரியில்லை என்று அவர் எழுதினால் இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் புதிதாகக் கட்டுவார்களாம். கட்டி முடியும்வரை நாங்கள் சோலைக்காட்டைக் கடந்து அடுத்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க வேண்டும்.

அப்பா இதைக் கேட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தபடியே முடிவு சொல்லிவிட்டார். “ஏலே, அந்தப் பாதையில காட்டுமாடு நிக்கும். அங்கெல்லாம் அனுப்ப முடியாது. இடிச்சாங்கன்னா அஞ்சாப்போட நிறுத்திக்க. கேரட்டுக்கு மருந்தடிக்க ஆளு கெடைக்காமத்தான கெடக்கு.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அழுதிருக்கலாம். அப்பா ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். அதனால்தான் பயமாக இருந்தது. நான் மாமாவைப் பார்த்தேன். மாமாவுக்கும் சோறு இறங்கவில்லை. பூண்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய டீச்சர் விடுகிறவர் இல்லை. வரலாறு உள்ள கட்டடம் என்றால் இடிக்க மாட்டார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதோடு என்ஜினியர் அனுப்பிய படிவத்தில் ‘கட்டடத்தின் வரலாறு’ என்று நாலு விரற்கடை அகலத்துக்கு ஒரு கட்டம் இருந்தது.

“இத காலியா விட்டா இடிச்சிருவாங்க. டேய், நீதான் கிளாஸ்ல சத்தமா வாசிக்கிறவன். ஊர்ல கேட்டு ஒரு ஹிஸ்டரி எழுதிட்டு வா. பாக்க வர்றவங்க முன்னாடி நீயே வாசி” என்று என்னிடம் சொன்னார்.

நான் ஊர் முழுக்கச் சுற்றினேன். வேட்டை பங்களா, குதிரை லாயம், தந்தி வந்த சர்ச், மழை அளக்கிற ஆபீஸ், கடைசியாக ஒரு வீட்டில் தொரையின் நாய்கள் தங்குவதற்கு என்றார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். டீச்சர் வாசித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். “ஒரு தொர எத்தன சோலிடா பாத்திருப்பான்? ஏதாவது ஒண்ணச் சொல்லு.”

அன்று சாயங்காலம் மாமா ஆறாவது பதிலைச் சொன்னார். இத்தனை நாள் சொல்லாமல் வைத்திருந்தவர்போல் நிதானமாகத் தொடங்கினார்.

“இது பூண்டுக்குக் கட்டுனதுதான் மாப்ள. யோசிச்சுப் பாரு. கூரை ஏன் அம்புட்டு ஒசரம்? பூண்டு தொங்குறதுக்கு. முகட்டுல எடுக்கு விட்டிருக்கான்ல? புகை போறதுக்கு. அடுப்பு ஏன் அம்புட்டுப் பெருசு? ஒரு ஆளு குளிர்காய அதா வேணும்?”

“கொக்கி நீங்க அடிச்சதுதான மாமா?”

“அவன் அடிச்ச கொக்கி துருப்பிடிச்சு விழுந்திருக்கும்லடா. அந்த எடத்துலதான் நான் அடிச்சேன்.”

எனக்கு அது பூரண திருப்தியாக இருந்தது. மற்ற ஐந்து பதில்களிலும் கூரைக்கோ அடுப்புக்கோ விளக்கம் இல்லை. இதில் எல்லாவற்றுக்கும் விளக்கம் இருந்தது. ஒரு முழுப் பக்கம் எழுதினேன். இப்போதும் சில வரிகள் நினைவிருக்கின்றன. ‘தொரை அவர்கள் பூண்டின் மீது பேரன்பு கொண்டவர். அவருடைய மனைவியாருக்கு நெடுநாளாக வாயுத் தொல்லை இருந்து வந்தது. ஆகவே அவர் கருங்கற்களைக் கொண்டு இக்கட்டடத்தை எழுப்பினார். பூண்டு போக மீதியிருந்த இடத்தில் கல்வி வழங்கப்பட்டது.’ மனைவியார் என் சொந்தச் சேர்க்கை. வரலாற்றில் ஒரு பெண் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார். “சரி, வேற வழியில்ல” என்றார்.

ஆனால் பரணில் உண்மையான பூண்டு தொங்குவதை அதிகாரிகள் பார்த்தால் வம்பு. பள்ளிக்கூடத்தைப் பூண்டு அடுக்கும் கிட்டங்கி ஆக்கிவிட்டார்கள் என்று எழுதிவிடுவார்கள். கீழே இறக்கவும் முடியாது. வெளியே பனியும் சாரலுமாக இருந்தது. அதனால் அவர்கள் வருவதற்கு முந்தின நாள் மாமா கொக்கிகளிலிருந்து கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, பரணின் வாய்க்குப் பக்கத்தில் சுவர்போல் அடுக்கிச் சாக்கால் மூடினார். பெயர்த்த இரண்டு கல்லையும் புகைபோக்கியில் திரும்ப வைத்து மண்ணால் பூசினார். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு, “இனி எவன் வந்து பாத்தாலும் ஒண்ணும் தெரியாது” என்றார்.

குறுக்கே செருகிய தகட்டை எடுக்க மறந்துவிட்டார்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் என்ஜினியர், வந்ததிலிருந்தே பனி இறங்குவதற்குள் கீழே போய்விட வேண்டும் என்ற நினைப்பில் இருந்தார். இன்னொருவர் மதுரையில் இருந்து வந்த ஒரு மேடம், பழைய கட்டடங்களைப் பற்றிப் படித்தவராம். கழுத்தில் கேமரா, ஒரு கையில் டேப், தோள்பையில் டார்ச்சும் ஸ்க்ரூ டிரைவரும். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், ஜன்னல் கல்லைத் தடவிப் பார்த்தார். இரண்டு கல்லுக்கு இடையிலிருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி நாக்கில்கூட வைத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன், வைக்கவில்லை.

இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய டீச்சர் உபசாரமாக, “தம்பி, தீ போடுங்க” என்றார். மாமா அன்றைக்கென்றே தேர்ந்தெடுத்த காய்ந்த விறகை அடுக்கிப் பற்றவைத்துவிட்டு மரியாதையாக ஒதுங்கி நின்றார். டீச்சர் எனக்குக் கண் காட்டினார். நான் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன்.

“இக்கட்டடம் பூண்டுக்காகக் கட்டப்பட்டது.”

என்ஜினியர் நிமிர்ந்தார். மேடம் கேமராவை இறக்கினார். பேரன்பு வரை எல்லாம் சரியாகப் போயிற்று. தொரையின் மனைவியாருக்கு வாயுத் தொல்லை தொடங்கிய இடத்தில், அடுப்பிலிருந்து ஒரு பெருமூச்சுப்போல் புகை வந்தது. நான் நிறுத்தவில்லை. அடுத்த வரியில் அடுப்பு மொத்தப் புகையையும் ஹாலுக்குள் கக்கியது. முதல் வரிசை தெரியவில்லை. பிறகு டீச்சர் தெரியவில்லை. பிறகு என் கையிலிருந்த தாளே தெரியவில்லை. எனக்கு மனப்பாடம் என்பதால் புகைக்குள்ளிருந்து வரலாறு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாரும் இருமிக்கொண்டு வாசல் பக்கம் ஓடினார்கள். பரணுக்குப் போகும் ஏணியும் அங்கேதான் இருந்தது. என்ஜினியர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “பாத்தீங்களா மேடம், இதுக்குத்தான் சொன்னேன். பிள்ளைங்க உக்காருற எடமா இது? இடிச்சுத் தள்ளிட்டு…” என்று தொடங்கினார்.

மாமாவுக்கு அப்போதுதான் தகடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “அய்யய்யோ” என்று ஒரே சத்தம்; ஏணியில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, தலையால் பரண் கதவை முட்டித் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தார். இருட்டில் தான் கட்டிய பூண்டுச் சுவரைத் தானே உதைத்துவிட்டார். மேலிருந்து முதலில் ஒரு கட்டு விழுந்தது, என்ஜினியரின் காலடியில். அவர் குனிந்து பார்த்தார். இரண்டாவது அவர் முதுகில் விழுந்தது. அதற்குப் பிறகு தனித்தனியாகச் சொல்ல முடியாது. மூன்று மாதம் புகை குடித்த பூண்டு, எடை குறைந்து, தாள் சரசரக்க, சாக்கோடு சேர்ந்து கொட்டியது.

மேலே தகடு உருவப்படும் சத்தம் கேட்டது. புகை மெல்ல விலகியது. என்ஜினியர் முழங்கால்வரை பூண்டுக்குள் நின்றுகொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மட்டும், “டீச்சர், தொர பூண்டு” என்றது.

மேடம் டார்ச்சை எடுத்துக்கொண்டு பரணில் ஏறினார். வெகு நேரம் இறங்கவில்லை. இறங்கியபோது மூக்கு, நெற்றி எல்லாம் கரி. நேரே என்னிடம் வந்து குனிந்தார்.

“தம்பி, மேல கொக்கியெல்லாம் இருக்கே. அதுவும் அந்தத் தொரை அடிச்சதுதானா?”

அவருக்குப் பின்னால் பெரிய டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆமாம் என்று சொன்னால் பள்ளிக்கூடம் பிழைக்கும், நான் பிழைப்பேன். ஆனால் நேருக்கு நேராக ஒருவர் கேட்டால் பொய் எப்படிச் சொல்வது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன்.

“இல்லங்க. எங்க மாமா அடிச்சது. நாந்தான் டார்ச் புடிச்சேன். கல்லும் அவருதான் பேத்தாரு. தகடும் அவருதான் வச்சாரு.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “மனைவியாருக்கு வாயுத் தொல்லைங்கறதும் நானா எழுதுனது” என்றும் சொல்லிவிட்டு ஓவென்று அழுதேன். பள்ளிக்கூடத்தை நானே இடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மேடம் என் தலையில் கை வைத்தார், கரி ஒட்டியிருக்கும். பிறகு என்ஜினியரைக் கூட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அங்கே பெஞ்சில் ஏறி உத்தரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார். அது மாவுக்குள் போவதுபோல் கைப்பிடிவரை உள்ளே போயிற்று. என்ஜினியரின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. அடுத்து இருவரும் ஹாலின் பரணில் ஏறினார்கள். மேலிருந்து டங், டங் என்று சத்தம் மட்டும் கேட்டது.

இறங்கியதும் மேடம் சொன்னார். “உள்ள போகவே மாட்டேங்குது சார். ஒரு உளு கெடையாது. அந்த ரூம்ல புகை இல்ல, எல்லாம் உளுத்துப்போச்சு. இங்க புகை மேல புகை, மரம் இரும்பா நிக்குது. தொரை காலத்துலயும் இந்த அடுப்பு தினமும் எரிஞ்சிருக்கும். நடுவுல இத்தன வருசம் யாரும் எரிக்கல. இவர் இந்த வருசம் எரிச்சது நல்லதாப் போச்சு.” மாமாவின் பக்கம் திரும்பி, “ஆனா அந்தத் தகடு வேண்டாம். கல்லையும் பேக்கக் கூடாது” என்றார்.

“சரிங்கம்மா” என்றார் மாமா.

ஹால் நிற்கட்டும், பக்கத்து அறைகளின் மரத்தை மாற்றினால் போதும் என்று முடிவாயிற்று. என்ஜினியர் சட்டையிலிருந்து பூண்டுத்தோலை உதறிக்கொண்டே படிவத்தை எடுத்தார். வரலாற்றுக் கட்டத்தில் பேனா நின்றது. மேடம் வாங்கி ஒரே வார்த்தை எழுதினார்: ‘தெரியவில்லை.’

“தெரியலைன்னு எழுதலாமா மேடம்?” என்றார் என்ஜினியர்.

“தெரியலையே சார்.”

அவ்வளவு படித்தவர் ஒருவர் அதை எழுத்தில் ஒத்துக்கொண்டது எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஊரில் ஆறு பதில் இருக்கும்போது.

ஜீப்பில் ஏறும் முன் மேடம் பெரிய டீச்சரிடம் திரும்பினார். “ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மேல பலகை பூராவும் கரியில எழுதியிருக்கு. வாய்ப்பாடு, பாட்டு, மழை எப்படிப் பெய்யுதுன்னு படம்கூட இருக்கு. பிள்ளைங்கள அங்க ஏற விடாதீங்க, விழுந்துருவாங்க.”

ஜீப் வளைவில் மறைந்ததும் டீச்சர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடமே என்னைப் பார்த்தது. மழை எப்படிப் பெய்கிறது என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம். பரணில் ஏறத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பையன் நான் ஒருவன்தான்.

“நான் இல்ல டீச்சர்!”

“வேற யாரு, பூண்டா எழுதுச்சு?”

“சத்தியமா நான் இல்ல. மாமாவக் கேளுங்க, அவருக்குத் தெரியும்.”

மாமா அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தினமும் பரணில் ஏறி இறங்குகிறவர், யார் வந்தார்கள் என்று அவருக்குத் தெரியாதா?

“சின்னப் பயலுகதான டீச்சரம்மா, கிறுக்கும்” என்றார் கடைசியாக. “விடுங்க, நான் அழிச்சிர்றேன்.”

“அதெல்லாம் முடியாது. எழுதினவன்தான் அழிக்கணும்.”

மாமா குச்சியை அடுப்பில் போட்டுவிட்டு எழுந்தார். “சரிங்க. நானும் கூடப் போறேன்” என்றார்.

ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு இருவரும் மேலே போனோம். மாமா டார்ச் பிடித்தார், நான் தேய்த்தேன். பலகைகள் நெடுக எழுத்து. தொடக்கத்தில் ஆள் உயரத்துக்கு அ, ஆ. போகப் போகச் சின்னதாகி, வரிகளாகி, எங்கள் பாடப்புத்தகத்துப் பாட்டு முழுசாக. பதினாறாம் வாய்ப்பாடு இரண்டு தடவை எழுதியிருந்தது. முதல் தடவை தப்பு, இரண்டாவது சரி. செய்யாத குற்றத்துக்குத் தண்டனை என்ற ஆத்திரத்தில் நான் பலமாகத் தேய்த்தேன்.

“எவன் மாமா இது? எழுத்தப் பாருங்க, ஒண்ணொண்ணும் ஒரு பக்கமாச் சாஞ்சு கெடக்கு. மாட்டுவாலு மாதிரி. இதையா என் எழுத்துன்னு சொல்றாங்க?”

“ஆமா மாப்ள” என்றார் மாமா. “மோசமாத்தான் இருக்கு.”

“ரெண்டாப்புப் பயலாத்தான் இருக்கும்.”

“ரெண்டாப்பா இருக்காது.” தண்ணீரை மெதுவாக ஊற்றினார். “அதுக்கு மேலதான் இருக்கும்.”

நான் இப்போது திண்டுக்கல்லில் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் அந்தக் கட்டடத்தைப் பழுது பார்ப்பதற்காக அளக்கப் போயிருந்தேன். பரணின் கடைசி மூலையில், சாய்வுக்கூரை தரையைத் தொடுகிற இடத்தில், கரி இன்னும் அழியாமல் இருந்தது. எங்கள் நோட்டு அட்டையில் ஒட்டும் சீட்டைப் பார்த்து எழுதியதுபோல் மூன்று வரி. பெயர் என்று எழுதி, எதிரே மாமாவின் பெயர். வகுப்பு: ஐந்து. பிரிவு: அ. எங்கள் பள்ளியில் பிரிவே கிடையாது. சீட்டில் அப்படி ஒரு வரி இருந்ததால் மாமா அதையும் விடவில்லை. எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் இருந்தது.

மாமா இப்போது மொபைலில் எனக்கு நீள நீளமாகச் செய்தி அனுப்புகிறார். பூண்டு விலை, பஸ் நேரம், அம்மாவின் முழங்கால் வலி. எங்கே படித்தார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அன்றைக்கு அந்த மூலை ஒன்றுதான் பாக்கி இருந்தது. நான் நாரை நனைத்துக்கொண்டு அந்தப் பக்கம் தவழ்ந்தேன். டார்ச் வெளிச்சம் சட்டென்று வேறு பக்கம் திரும்பியது.

“அத விட்டுரு மாப்ள. அங்க ஒண்ணும் இல்ல. வெரசா எறங்கு, அம்மா தேடும்.”

உரச்சாக்கைக்கூட விடாமல் வாசிக்கிற நான், வேலை குறைந்த சந்தோஷத்தில், திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏணியில் இறங்கி ஓடினேன்.